காம்புடைக் கூட்டுயிரிகள்: எப்பிஸ்டைலிஸ் சாதியும் எமது குளத்து நீரும்

நன்னீரில் வாழும் ஒருகல உயிரிகளுள் எமது மாணவர் பெயரளவிலேனும் அறிந்தவை இரண்டு மூன்றுக்கு மேற்படா. அமீபா, பரமேசியம், யூகிளினா ஆகியவற்றின் படங்களைப் பாடநூலிற் கண்டு, கொப்பியில் வரைந்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். இம்மூன்றையும் விட எளிதிற் கண்ணுக்குப் புலப்படக்கூடியதும், மக்களின் அன்றாட வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையதுமான ஒரு தொகுதி, உலகின் நன்னீர் நிலைகள் எங்கும் பரந்து கிடக்கின்றது. குளத்தில் அமிழ்ந்திருக்கும் தாமரைத் தண்டின் மீதும், நத்தையோட்டின் மீதும், இறாலின் முதுகிலும் சாம்பல் நிறப் பூஞ்சணம் போலப் படிந்திருப்பதைப் பலர் கண்டிருப்பர். அது பாசியென்றோ அழுக்கென்றோ கருதி வழித்தெறியப்படுவதே வழக்கம். அத்தகைய படிவுகளுட் பல, காம்புகளின் நுனியில் நூற்றுக்கணக்கான மணிகளைத் தாங்கி நிற்கும் உயிருள்ள மரங்களாகும். அவற்றுள் எப்பிஸ்டைலிஸ் எனப்படும் சாதியையும் அதன் உறவுச் சாதிகளையும் பற்றியே ஈண்டு ஆராய முற்படுகின்றோம். (சாதி என்னும் சொல்லை, இனத்திற்கு மேலும் குடும்பத்திற்குக் கீழுமான படிநிலையைக் குறிக்கும் உயிரியற் கலைச்சொல்லாகவே நாம் ஆளுகின்றோம். அச்சொல்லுக்கு எமது சமூகத்தில் உள்ள மற்றைப் பொருள் இவ்வுயிரிகளுக்குத் தெரியாது.)

இவ்வாராய்ச்சிக்குப் பொத்துவிற் பிரதேசத்தை நிலைக்களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. கிழக்கு மாகாணத்தின் தென் அந்தத்தில் அமைந்துள்ள இப்பட்டினத்தைச் சுற்றிச் சில மைல்களுக்குள்ளேயே நீரின் எல்லா வகைகளும் காணப்படுகின்றன. மேற்கே லாகுகல, கித்துலான, செங்கமுவ ஆகிய குளங்கள். அவற்றை அடுத்து வயல்களும் வாய்க்கால்களும். கரையை அடைந்தால் கண்டற் காடு சூழ்ந்த பொத்துவிற் களப்பும் தெற்கே அறுகம்பைக் களப்பும். மணல் மேட்டில் வீட்டுக்கு வீடு கிணறு. வடகீழ்ப் பருவ மழை பெய்யும் கார்த்திகை தொடக்கம் தை வரையான காலத்திற் குளங்கள் நிரம்பி வழிந்து களப்புகளை நன்னீராக்குகின்றன. ஆடி ஆவணியில் அதே குளங்கள் வற்றிச் சுருங்கி, எருமைகள் உழக்கும் சேற்றுக் குட்டைகளாகின்றன. ஆண்டுக்கொருமுறை இவ்வாறு முற்றிலும் மாறும் நீரில் எவ்வுயிர் எப்பொழுது பெருகுகின்றது என்பதை அறிவது, அந்நீரின் உடல்நிலையை அறிவதற்கு ஒப்பாகும்.

எப்பிஸ்டைலிஸ் என்பது கிரேக்கச் சொற்களால் ஆகிய பெயர். தூணின் மேல் இருப்பது என்பது அதன் பொருள். ஜேர்மானிய அறிஞரான கிறிஸ்தியன் கொட்பிறீட் ஏரென்பேர்க் 1830 இல் இச்சாதியை நிறுவினார். ஆயின் இத்தகைய உயிர்களை மனிதர் கண்டது அதற்கு நெடுங்காலம் முன்னதாகும். ஒல்லாந்தின் டெல்வ்ற் நகரத்துத் துணி வணிகரான லேவன்ஹூக், 1702 டிசம்பரில் எழுதிய கடிதமொன்றில், நீர்மேல் மிதக்கும் சிறுசெடிகளின் வேர்களிற் காம்புடைய மணியுருவ உயிர்களைக் கண்ட செய்தியை விவரித்தார். அவரை அடுத்து, ஹேக் நகரருகே பிரபு ஒருவரின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்த ஏபிரகாம் திரெம்பிளே 1744 இல் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். பூங்கொத்துப் போன்ற இவ்வுயிர்களின் ஒவ்வொரு மணியும் நெடுக்காகப் பிளந்து இரண்டாவதை அவர் பொறுமையுடன் பார்த்திருந்து பதிவு செய்தார். தாய் தந்தையர் இன்றி ஓர் உயிர் தன்னைத் தானே பிளந்து பெருகலாம் என்பது அக்காலத்தவர்க்கு எளிதில் நம்பக்கூடியதாக இருக்கவில்லை. ஒருகல உயிரிகளின் இருபிளவை நேரிற் கண்டு எழுதிய முதற் சான்றுகளுள் அது ஒன்றாகும்.

ஏரென்பேர்க்கைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை கூறுதல் பொருந்தும். 1820 தொடக்கம் 1825 வரை எகிப்து, சினாய், செங்கடற் கரைகள் ஆகியவற்றில் அலைந்து திரிந்த ஆய்வுப்பயணத்திற் பங்கேற்றவர் அவர். உடன் சென்ற நண்பர் ஹெம்பிறிக் 1825 இல் மசாவாவிற் காலமானார். நாடு திரும்பிய ஏரென்பேர்க், நுண்ணுயிர்களும் யானை குதிரைகளைப் போலவே வயிறு, குடல் முதலிய முழுமையான உறுப்புகளைக் கொண்டவை என்று உறுதியாக நம்பினார். நீரில் அவுரிச் சாயத்தையும் காமைன் எனும் செந்நிறத் துகளையும் கலந்து அவற்றுக்கு ஊட்டினார். உடலினுள்ளே நிறவுருண்டைகள் பல தோன்றியதைக் கண்டு, இவை பல வயிறுகள் என்று முடிவு கட்டினார். பிரெஞ்சு அறிஞர் டுயார்டின் இதனை மறுத்தார். அவ்வுருண்டைகள் நிலையான வயிறுகள் அல்ல, உணவை உள்வாங்கும்போது உண்டாகிப் பின் மறையும் உணவுப் புன்வெற்றிடங்களே என்பது பின்னர் நிலைபெற்றது. கொள்கை வீழ்ந்தது. அவர் இட்ட பெயர்களும், அவர் செய்த சாயப் பரிசோதனையும் நின்றுவிட்டன. அப்பரிசோதனை இன்றும் எந்தப் பாடசாலை ஆய்வுகூடத்திலும் சில சதச் செலவில் செய்யத்தக்கது என்பது குறிப்பிடத்தக்கது.

இனி உயிரியின் அமைப்பை நோக்குவோம். எப்பிஸ்டைலிஸின் தனியுயிர் ஒவ்வொன்றும் கவிழாத மணி அல்லது ஒடுங்கிய கிண்ணம் போன்ற ஒரே கலத்தாலானது. அதன் நீளம் இனத்துக்கு இனம் வேறுபடினும் பொதுவாக 50 மைக்கிரோன் தொடக்கம் 200 மைக்கிரோன் வரையாகும். அதாவது பெரியவை ஐந்தினை நெடுக்காக அடுக்கின் ஒரு மில்லிமீற்றர் ஆகும். கிண்ணத்தின் விளிம்பு தடித்துப் புறமாக மடிந்திருக்கும். அவ்விளிம்பை ஒட்டிப் பிசிர்கள் வரிசையாக நிற்கின்றன. ஏனைய பிசிருயிரிகளிற் பெரும்பாலானவற்றில் வலஞ்சுழியாகச் செல்லும் வாய்ப்பிசிர் ஒழுங்கு, இத்தொகுதியில் மேலிருந்து நோக்குமிடத்து இடஞ்சுழியாகச் சுற்றி வாய்க்குழியினுள் இறங்குகின்றது. பிசிர்கள் ஓயாது அடிப்பதால் நீரில் ஒரு சிறு சுழி உண்டாகின்றது. சுழியில் அகப்பட்ட பற்றீரியாக்கள் குழியினுள் இழுக்கப்பட்டு, அதன் அடியில் உணவுப் புன்வெற்றிடங்களாகத் திரட்டப்படுகின்றன. உடலினுள்ளே குதிரை லாடம் போல் வளைந்த பெருங்கரு ஒன்றும், அதன் அருகே சிறுகரு ஒன்றும் உண்டு. உள்ளே புகும் மேலதிக நீரைச் சுருங்கத்தக்க புன்வெற்றிடம் இடையறாது வெளியேற்றுகின்றது. நன்னீரில் வாழும் கலத்துக்கு இது உயிர்நாடியான தொழில். கிணற்றில் இறைப்பை நிறுத்தினால் ஊற்று மேலேறுவது போல, இது நின்றால் கலம் ஊதி வெடித்துவிடும்.

கிண்ணத்தின் அடியிற் காம்பு தொடங்குகின்றது. கலம் தன் அடிப்பகுதியிலிருந்து புரத நார்களைச் சுரந்து காம்பை ஆக்குகின்றது. கலம் இரண்டாகப் பிளந்தபின் மக்கள் இருவரும் தாயின் காம்பின் உச்சியிலேயே நின்று, தத்தமக்கு ஒரு புதுக்காம்பைச் சுரக்கத் தொடங்குகின்றனர். அடுத்த பிளவில் நான்கு, அதற்கடுத்து எட்டு. இவ்வாறு கவர் கவராகக் கிளைத்து, சில மில்லிமீற்றர் உயரமுள்ள ஒரு மரம் உருவாகின்றது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் சாம்பற் பூஞ்சணம் இம்மரங்களின் தோப்பேயாகும்.

எப்பிஸ்டைலிஸின் காம்பு உயிரற்றது, சுருங்காதது. ஊசிமுனையால் ஒரு மணியைத் தொட்டால் அது மட்டும் விளிம்பை உள்ளிழுத்து உருண்டு குனியும். காம்பு அசையாது நிற்கும். அடுத்த மணி தன் பாட்டிற் சுழி எழுப்பிக்கொண்டிருக்கும். இதன் உறவுச் சாதியான காச்சீசியத்தின் காம்பினுள்ளே சுருங்கும் இழை உண்டு. ஆயின் அவ்விழை கிளைக்கவரில் அறுபட்டிருப்பதால், தொடப்பட்ட மணியின் காம்பு மட்டும் சுருள்வில் போலச் சுருண்டு இழுபடும். ஏனையவை அப்படியே நிற்கும். மூன்றாவதான சூதாம்னியத்திலோ, இழை அடிமரத்திலிருந்து நுனிவரை அறாது தொடர்கின்றது. ஒன்றைத் தொட்டால் கூட்டம் முழுவதும் ஒரே கணத்திற் குனிந்து விழும். இம்மூன்றையும் வேறுபிரித்தறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. கண்ணாடித் தட்டை மெல்லத் தட்டிவிட்டு எது அசைகின்றது என்று பார்த்தாற் போதும்.

இச்சுருக்கத்தின் வேகம் வியப்புக்குரியது. தனிக்காம்புடைய உறவினமான வோட்டிசெல்லாவில் ஒரு செக்கனின் நூறிலொரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் அது முடிந்துவிடும். மீண்டும் நிமிர்வதற்குப் பல செக்கன்கள் ஆகும். எமது தசைகள் சுருங்குவதற்கு அடினோசீன் முப்பொசுபேற்று என்னும் சேர்வை சிதைய வேண்டும். காம்பின் இழைக்கோ கல்சியம் அயன்கள் வந்து பற்றிக்கொண்டாற் போதும். ஹொவ்மன் பேர்லிங் 1958 இல், உயிர் நீக்கப்பட்ட காம்புகளும் கல்சியம் ஊட்டியவுடன் சுருங்குவதைக் காட்டினார். 1970களின் தொடக்கத்திற் கேம்பிறிட்சில் ஏமொஸ், வைஸ் போக் ஆகியோர் இதனை விரிவாக ஆராய்ந்து, தசையின் பொறிமுறையினின்றும் முற்றிலும் வேறானதொரு இயக்கம் இது என நிறுவினர்.

மேற்கண்ட மூன்று சாதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்ப்போர்க்கு, தனிமனிதர், சமூகம் என்ற ஒப்புமை உடனே மனத்தில் எழும். எப்பிஸ்டைலிஸைத் தன்னலத்தின் சின்னமாகவும் சூதாம்னியத்தை ஒற்றுமையின் சின்னமாகவும் காட்டி மேடையிற் பேச விரும்புவோர் இருக்கக்கூடும். நாம் அதனை ஏற்பதற்கில்லை. சூதாம்னியத்தின் சில இனங்களிற் சிறிய மணிகள் உணவு தேடுவதும், பெரிய மணிகள் பிரிந்து சென்று புதிய கூட்டங்களை நிறுவுவதுமான தொழிற்பிரிவு உண்மையே. 1938 இல் சமேர்ஸ் என்னும் ஆய்வாளர் ஓர் இனத்தின் நுனிக்கலத்தை அகற்றியபோது அடுத்துள்ள கலமொன்று அதன் பணியை ஏற்றதையும் கண்டார். ஆயினும் அக்கூட்டத்தின் உறுப்பினர் அனைவரும் ஒரே கலத்தின் பிளவால் வந்த ஒரே பரம்பரையினர். வேறு வேறு வீடுகளிற் பிறந்து, வேறு வேறு நலன்களுடன் வாழும் மனிதர் கூடி ஒழுகுவதற்கு அங்கு உவமை தேடுவது, உவமையை ஆதாரமாகக் கொள்ளும் பிழையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே பிழை மறுபுறமாக நிகழ்ந்தது. இயற்கையிற் போட்டியே விதி என்று காட்டிச் சுரண்டலுக்கு நியாயம் கற்பித்தவர்களை நாம் அறிவோம்.

ஆயின் ஒரு வினாவைத் தட்டிக் கழிக்க இயலாது. சுருங்கும் காம்பு ஆபத்தினின்றும் தப்ப உதவுமெனின், எப்பிஸ்டைலிஸ் ஏன் அதனைப் பெற்றிருக்கவில்லை? பெற்றிருந்து இழந்தது என்று கருதவே இடமுண்டு. மரபணு வரிசைகளை ஒப்பிடும் அண்மைக்கால ஆய்வுகள், எப்பிஸ்டைலிஸ் என்று தொகுக்கப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் அனைத்தும் ஒரே மூதாதையின் வழிவந்தவை அல்ல என்பதைக் காட்டியுள்ளன. குறிப்பாக எப்பிஸ்டைலிஸ் கலியா என்னும் பேருருவ இனம் ஏனையவற்றோடு சேராது விலகி நிற்கின்றது. மற்றையவற்றுட் பல, சுருங்கும் காம்புடைய வோட்டிசெல்லாவுக்கு அணித்தாக அமைகின்றன. ஆகவே சுருங்காத காம்பு என்ற ஒரே இலக்கணத்தைக் கொண்டு 1830 இல் கட்டப்பட்ட இச்சாதி, எதிர்காலத்தில் உடைத்து மீளக் கட்டப்பட வேண்டியதாயிற்று. ஓடும் நீரிலும், நீந்தித் திரியும் இறாலின் முதுகிலும் வாழ்வதற்கு வளையும் காம்பை விட விறைத்த தூணே ஏற்றது என்பது எமது கருத்து.

கூட்டத்தை விட்டுப் புறப்படும் உயிரின் வாழ்க்கையும் நோக்கத்தக்கது. நீர் கெட்டாலோ, பற்றியிருந்த இலை அழுகினாலோ, மணி தன் அடிப்புறத்தைச் சுற்றி ஒரு பிசிர் வளையத்தை வளர்க்கின்றது. காம்பினின்றும் கழன்று, அடிப்புறம் முன்னாக நீந்திச் செல்கின்றது. தகுந்த பரப்பைக் கண்டதும் ஒட்டிக்கொண்டு, பிசிர் வளையத்தைக் கைவிட்டு, புதுக்காம்பைச் சுரக்கத் தொடங்குகின்றது. சில இனங்கள் வறட்சியிற் சிறைப்பை கட்டி உறங்கவும் வல்லன. பாலினப் பெருக்கமும் உண்டு. அதிற் சிறிய கலம் நீந்தி வந்து பெரிய கலத்தோடு இணைந்து, பின் பிரியாமல் அதனுள்ளேயே முற்றாக மறைந்துவிடுகின்றது. பரமேசியத்தில் இரு கலங்களும் கருப்பொருளை மாற்றிக்கொண்டு பிரிந்துவிடும். இங்கு அவ்வாறில்லை.

இவ்வுயிர்கள் மனிதருக்கு ஆற்றும் தொண்டு முதலில் விளங்கியது குளத்தில் அன்று, கழிவுநீர்த் தொட்டியிலாகும். 1914 இல் மான்செஸ்ரரில் ஆடேர்ன், லொக்கெற் ஆகிய இருவர், கழிவுநீரினுட் காற்றைச் செலுத்திச் சுத்திகரிக்கும் முறையைக் கண்டனர். அத்தொட்டிகளின் சேற்றுத் திரள்களில் வோட்டிசெல்லா, எப்பிஸ்டைலிஸ், ஒப்பர்க்கியுலாரியா முதலியவை செழித்து வளர்வதைப் பலரும் கண்டனர். அவை அங்கு வந்தேறிய விருந்தினரா, வேலையாட்களா என்பதில் நீண்ட காலம் தெளிவிருக்கவில்லை. 1968 இற் கேர்ட்ஸும் அவருடைய தோழர்களும், பிசிருயிரிகள் உள்ள தொட்டியையும் இல்லாத தொட்டியையும் அருகருகே இயக்கிப் பார்த்தனர். பிசிருயிரிகள் இல்லாத தொட்டியிலிருந்து வெளியேறிய நீர், தனித்து மிதக்கும் பற்றீரியாக்களாற் கலங்கியிருந்தது. உள்ள தொட்டியின் நீர் தெளிந்திருந்தது. மலத்தோடு வரும் பற்றீரியாக்களும் இவ்வாறே பெருமளவு உண்ணப்படுவதை அடுத்த ஆண்டில் காட்டினர். அன்று தொடக்கம், தொட்டியின் சேற்றிலொரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்து, எவ்வகைப் பிசிருயிரிகள் உள்ளன என்று எண்ணித் தொட்டி நன்கு இயங்குகின்றதா என்று கூறும் வழக்கம் உலகெங்கும் பரவியது.

இதே எண்ணத்தை ஆறுகளுக்குப் பொருத்தியவர்கள் ஜேர்மானியரான கொல்க்விற்ஸ், மார்சன் ஆகியோர். 1908, 1909 ஆம் ஆண்டுகளில் அவர்கள் வெளியிட்ட பட்டியல்களில், சேதனக் கழிவு மிகுந்த நீரிலிருந்து தூய நீர் வரை எவ்வெப்படியில் எவ்வுயிர் வாழும் என்று வகுத்தனர். காச்சீசியம் கணிசமான அழுக்குடைய படியில் வைக்கப்பட்டது. அதன் காரணம் எளிது. இவ்வுயிர்களின் உணவு பற்றீரியா; பற்றீரியாக்கள் பெருகக் கழிவு வேண்டும். ஆயின் இவற்றுக்கு மூச்சுவிட ஒட்சிசனும் வேண்டும். ஆகையால் முற்றிலும் அழுகி ஒட்சிசன் அற்றுப்போன நீரிலும் இவை பெருகா. பற்றீரியாக்கள் குறைந்த தெளிந்த நீரிலும் பெருகா. கழிவு வந்து சேர்ந்து, அதனை நீர் தானே செரித்துக்கொண்டிருக்கும் இடைநிலையிலேயே இவை திரளாகத் தோன்றும்.

இதனை அப்படியே எமது குளங்களுக்குப் பெயர்த்து வைப்பது தகாது என்பதை அழுத்திக் கூற விரும்புகின்றோம். மத்திய ஐரோப்பாவின் குளிர்ந்த ஆறுகளை வைத்து ஆக்கப்பட்ட பட்டியல், ஆவணி வெயிலில் வெந்நீராகும் கிழக்கிலங்கைக் குளத்திற்கு அளவுகோல் ஆகாது. அங்கு மாசென்று கருதப்படும் அளவு சேதனப் பொருள், இங்கு இலையுதிர்வாலும் எருமையாலும் யானையாலும் இயல்பாகவே சேர்கின்றது. ஒரு முறை ஒரு மணியைக் கண்டுவிட்டு நீர் அசுத்தம் என்று கூறுதல் அறியாமை. அதே இடத்தில் மாதந்தோறும் பார்த்து, வழக்கத்துக்கு மாறாகத் திடீரெனப் பெருகுவதைக் கண்டால் மட்டுமே அது செய்தியாகும். அதற்கு எமக்கு வேண்டியது எமது நீருக்குரிய எமது பட்டியல்.

இவ்விடத்தில் மீனும் இறாலும் வருகின்றன. நன்னீர் மீன்பிடி எமது பகுதியின் ஏழை மக்களுக்குப் புரதம் தரும் முக்கிய வழிகளுள் ஒன்று. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, நாட்டின் குளங்களில் இவ்வுணவின் அடித்தளமாயிற்று. 1990 இல் அரசு உள்நாட்டு நன்னீர் மீன்வளர்ப்புக்கான ஆதரவை நிறுத்தியது. 1994 இல் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளிற் குஞ்சு வளர்ப்பு நிலையங்கள் கைவிட்டுப் போயின. உற்பத்தி மட்டுமன்றி, நீரையும் நோயையும் கவனிக்கும் தொழிற்பயிற்சியும் அதனாற் பாதிப்புற்றது. 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தேசிய நீரியல் வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை அமைக்கப்பட்ட பின்னர், மீன் குஞ்சுகளோடு நன்னீர்ப் பேரிறாலின் குஞ்சுகளும் குளங்களில் இடப்படலாயின.

பேரிறாலின் ஓடு எப்பிஸ்டைலிஸுக்கு மிக உகந்த நிலம். அதிலும் பூக்களின் மீது படிந்தால், அதாவது மூச்சுவிடும் பகுதியிற் படிந்தால், இரவில் நீரின் ஒட்சிசன் குறையும் வேளையில் இறால் திணறும். மீனவர் இதனைக் கண்டு ‘பாசி பிடித்த இறால்’ என்று கூறுவதும், வணிகர் விலையைக் குறைப்பதும் இயல்பே. ஆயின் இவ்வுயிர் இறாலின் தசையை உண்பதில்லை, இரத்தத்தை உறிஞ்சுவதுமில்லை. அதற்கு வேண்டியது நிற்பதற்கு ஓர் இடம் மட்டுமே. இறால் நன்கு உண்டு வளரும்போது அடிக்கடி சட்டை கழற்றும். கழற்றிய சட்டையோடு மரங்களும் போய்விடும். தடித்த பூஞ்சணம் படிந்த இறால், பல நாட்களாகச் சட்டை கழற்றாத இறால் ஆகும். ஏன் கழற்றவில்லை என்பதற்கு விடை நீரிலும் தீனியிலும் நெருக்கத்திலும் தேடப்பட வேண்டும். வளர்ப்புத் தொட்டிகளிற் போமலினை ஊற்றி மணிகளைக் கொல்லலாம். குளத்தில் அது இயலாது; செய்யவும் கூடாது. அதே நீரிலேதான் வயல் விளைகின்றது, மாடு குடிக்கின்றது, பிள்ளைகள் குளிக்கின்றனர்.

மீனில் எழும் சிக்கல் இதனினும் நுட்பமானது. அமெரிக்காவின் தென்கரோலினா மாநிலத்தில், அணுவுலைகளின் குளிர்ப்பு நீர் சென்று சேர்ந்த பார் பொண்ட் என்னும் நீர்த்தேக்கத்தில், 1970களில் மீன்களின் உடலிற் செம்புண்கள் பெருகின. புண்களில் எப்பிஸ்டைலிஸ் மரங்கள் அடர்ந்திருந்ததால் நோய்க்குக் காரணம் அதுவே எனக் கருதப்பட்டது. 1978 இல் ஹேசனும் சகாக்களும் இலத்திரன் நுணுக்குக்காட்டியினால் ஆராய்ந்தபோது, காம்பின் அடியில் மீனின் இழையத்தைச் சிதைக்கும் அமைப்பு எதுவும் காணப்படவில்லை. அவ்விடத்தில் ஏரோமொனாஸ் எனும் பற்றீரியா நிறைந்திருந்தது. புண் பட்ட இடத்தில் எப்பிஸ்டைலிஸ் வந்து குடியேறியிருந்தது என்ற முடிவுக்கே இது இட்டுச் செல்கின்றது. ஆயினும் காம்பு ஒட்டிய இடம் பற்றீரியாவுக்கு வழிவிடவில்லை என்றும் முற்றாகக் கூறிவிட முடியாது. பிரேசில் நாட்டு மீன் பண்ணைகளிற் பிற்காலத்தில் நடந்த ஆய்வுகள், நெருக்கி வளர்க்கப்படும் மீன்களில் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணை போவதைக் காட்டுகின்றன.

இலங்கையில் 1987 இறுதியில் நன்னீர் மீன்களிற் புண்நோய் முதன்முறையாகப் பரவியபோது மக்கள் அஞ்சி மீன் வாங்க மறுத்தனர். அந்நோய்க்கு அடிப்படைக் காரணம் அபனோமைசிஸ் என்னும் பூஞ்சை போன்ற நீருயிரி எனப் பிற்கால ஆய்வுகள் உறுதி செய்தன. எப்பிஸ்டைலிஸுக்கு அதிற் பங்கில்லை. ஆயினும் இரண்டையும் வேறுபிரித்துச் சொல்லக்கூடியவர் சந்தையில் ஒருவரேனும் இருந்திருந்தால், கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணத்தையும் கண்ணுக்குத் தெரியாத நோயையும் ஒன்றாக்கி எழும் பீதி ஓரளவு தணிந்திருக்கும். பிழைப்பு இழந்தவர் சில்லறை மீன் வியாபாரிகளும் வலை வீசுவோருமேயன்றி வேறெவருமல்லர்.

நுளம்புக் குடம்பிகளின் மீதும் இம்மணிகள் ஒட்டி வளர்வதுண்டு. மிகையாகப் படிந்தால் குடம்பி நீர்மட்டத்துக்கு ஏறி மூச்சுவிட இடர்ப்படும். இதனைக் கொண்டு நுளம்பை ஒழிக்கலாம் என்று சிலர் எழுதுகின்றனர். குடம்பியும் நான்கு முறை தோல் கழற்றுகின்றது என்பதை நினைவிற் கொண்டால் அந்நம்பிக்கை அளவோடு அமையும்.

கரையோரத்தின் மணற் கிணறுகளைப் பற்றிக் கூறாது விடுவதற்கில்லை. பொத்துவில் தொடக்கம் மருதமுனை வரை நெருக்கமாகக் குடியிருக்கும் ஊர்களில், ஒரே மணலில் சில யார் இடைவெளியிற் கிணறும் மலசலகூடக் குழியும் அமைந்திருப்பதை எவரும் காணலாம். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கிணறுகளை உப்பாலும் அழுக்காலும் நிரப்பியது. இறைத்துச் சுத்தம் செய்த பின்னரும் மணலடி நீர் தெளிவடையப் பல மாரிகள் தேவைப்பட்டன. கிணற்றின் உட்சுவரிற் காம்புடை உயிர்கள் அடர்ந்து வளர்வதாயின், அங்கு பற்றீரியாக்களுக்கு உணவு வந்துகொண்டிருக்கின்றது என்பது அதன் பொருள். அவ்வுணவு உதிர்ந்த இலையினின்றும் வரலாம், குழியினின்றும் வரலாம். எதுவென்று இவ்வுயிர் கூறாது. மலப் பற்றீரியாவை அறிய வேறு இரசாயன, உயிரியற் சோதனைகள் உண்டு. ஆனால் அச்சோதனையை எந்தக் கிணற்றில் முதலிற் செய்ய வேண்டும் என்று சுட்டிக் காட்ட இது உதவும். ஆய்வுகூடம் தொலைவிலும் செலவு மிகுந்தும் இருக்கும் ஊர்களுக்கு அது சிறிய உதவியன்று.

வடக்கே கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையே கிட்டங்கி வாய்க்காலை ஆற்றுவாழை மூடிப் போக்குவரத்தைத் தடுப்பது செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் செய்தி. அத்தாவரத்தின் தொங்கும் வேர்க்கற்றை, காம்புடைப் பிசிருயிரிகளுக்கு வாய்த்த மாளிகை. ஆய்வைத் தொடங்க விரும்பும் மாணவர் அவ்வேரில் ஒரு விரல் நீளத்தை வெட்டி, அதே நீருடன் போத்தலில் இட்டு, அன்றே பார்க்க வேண்டும். ஓரிரவு கழிந்தால் மணிகள் பல கழன்று நீந்திவிடும். களப்பிலும் குளத்திலும் ஒப்பிட விரும்புவோர் நுணுக்குக்காட்டிக்குரிய கண்ணாடித் தட்டுகளை நூலிற் கட்டி, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே தொங்கவிடலாம். ஒன்றிரண்டு வாரங்களிற் குடியேற்றம் நிகழும். குளத்திலிருந்து களப்பின் முகத்துவாரத்தை நோக்கிச் செல்லச் செல்ல எப்பிஸ்டைலிஸ் குறைந்து, உவர் நீரைத் தாங்கும் இனங்களை மிகுதியாக உடைய சூதாம்னியம் கூடுகின்றதா என்பதே முதலிற் கேட்கத்தக்க வினா. ஒவ்வொரு தட்டுக்கும் இடம், நாள், நீரின் வெப்பநிலை, அண்மையில் மழை பெய்ததா என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர்த் தட்டை மெல்லத் தட்டி, ஒரு மணி குனிந்ததா, ஒரு காம்பு சுருண்டதா, கூட்டம் முழுவதும் விழுந்ததா என்பதை எழுதிவிட்டு எண்ணத் தொடங்கலாம்.